அரப்பு வைக்கும்போது

அப்பாவுக்குத் தன் கண்மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. இண்டூரில் எங்கள் வயல்மேட்டில் நின்றுகொண்டு, தூரத்தில் வெறும் கோடாகத் தெரியும் வத்தல்மலையைக் காட்டி, சரிவில் மேய்வது ஆடா மாடா என்று சொல்லுவார். மலையேறிப் போய்ச் சரிபார்க்க யாருக்கும் பொழுதில்லை என்பதால் நாங்களும் ஒத்துக்கொண்டோம். அம்மாவின் பெருமை வேறு. அவள் சோற்றுக்குக் கூப்பிட்டால் நான்கு வயல் தாண்டிக் கேட்கும்.

எண்பதுகளில் நான் பென்னாகரத்தில் ஆசிரியையாக இருந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருமுறை கண் முகாம் நடந்தது. தன் பார்வையை டாக்டருக்கே காட்டிவிட்டுப் போகலாம் என்று அப்பா வந்தார். கண்ணாடி போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். நெல்லடிக்கும்போது தாள் குத்தி, ஒரு கண்ணில் கருவிழி வெளுத்துப் போயிருந்தது. இதற்கு மருந்து கிடையாது, இறந்தவர் யாராவது கண் கொடுத்தால்தான் உண்டு என்றார் டாக்டர். நானும் அதுவரை பல்பு மாற்றுவதுபோல முழுக்கண்ணையும் மாற்றிவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். வகுப்பில் விஞ்ஞானம் நடத்துகிறவளின் லட்சணம் அது. டாக்டர்தான் விளக்கினார்: எடுப்பது முழு விழியை. ஆனால் வைத்துத் தைப்பது கருவிழிக்கு மேலே வாட்ச் கண்ணாடி மாதிரி இருக்கும் தெளிந்த தோலை மட்டும். செத்தவர் முகம் மாறாது. சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். வீட்டார் சம்மதம் வேண்டும்.

"கண்ணாடி போட்டவன் கண்ணு ஆவுங்களா?" என்று அப்பா கேட்டார்.

"தாராளமா ஆவுங்க" என்றார் டாக்டர்.

அப்பாவின் மானம் திரும்பிவிட்டது. ஊருக்கு வந்து, டாக்டரே தன் கண்ணைக் கேட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அம்மா மட்டும் பிடி கொடுக்கவில்லை. "கண்ணில்லாம அங்க போனா, பின்னால நான் வாரப்ப என்னைய எப்படி அடையாளங் கண்டுக்குவாரு?" என்றாள். இதற்கு முகாமில் யாரும் பதில் சொல்லித் தரவில்லை.

பிறகு, நான் லீவில் வீட்டுக்கு வந்திருந்த ஒரு நாள் காலையில், மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து இறந்துபோனார். நான் அழுதேன். அழுது முடித்துத் தபாலாபீசுக்கு ஓடி, சேலத்து ஆஸ்பத்திரிக்கு டிரங்க்கால் போட்டேன். வந்து, டாக்டர் சொல்லியிருந்தபடி இமையை மூடி ஈரப் பஞ்சு வைத்தேன். தலைக்கு அடியில் தலையணை கொடுத்தேன். கண் காய்ந்துவிடாமல் ஃபேனை நிறுத்தினேன். அதற்காக வேர்த்துக் கொட்டியவர்கள் எல்லோரும் என்னைத் திட்டினார்கள்.

ஆஸ்பத்திரி ஜீப் வருவதற்குள் பெரியப்பா எண்ணெயோடும், தலைக்குத் தேய்க்கும் அரப்பிலைப் பொடியைக் கரைத்த கிண்ணத்தோடும் வந்துவிட்டார். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக இறந்தவர் தலையில் எண்ணெயும் அரப்பும் வைத்த பிறகுதான் குளிப்பாட்டி எடுப்பது எங்கள் வழக்கம். எத்தனை கைகள், எத்தனை பேருக்கு நிதானம்? வழிவது நேராகக் கண்ணுக்குத்தான் போகும். உயிரோடு இருக்கிறவர்கள் கண்ணிலேயே அரப்பு பட்டால் என்ன எரிச்சல்!

"டாக்டர் வந்துட்டுப் போவட்டுங்க பெரீப்பா."

"ராவு காலம் வந்துரும் புள்ள. டாக்டருக்காவ பொணத்தப் போட்டுக்கிட்டு ஒக்காருவாங்களா?"

வரப்புத் தகராறில் தம்பியோடு பல வருஷம் பேசாமல் இருந்தவருக்கு இப்போது அரை மணி பொறுக்கவில்லை. அப்பா கடைசியாகப் பெருமைப்பட்டுக்கொண்டது இது ஒன்றுதான், அதுவும் அரப்போடு போய்விடுமே என்று பயமாக இருந்தது.

பெரியப்பா அம்மாவிடம் திரும்பினார். "நீயே சொல்லும்மா."

அம்மா எழுந்து போய் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அவர் இரண்டு கண்மேலும் இருந்த பஞ்சோடு சேர்த்து உள்ளங்கைகளை அழுத்தி வைத்தாள்.

"வைங்க" என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

எல்லோரும் வைத்தார்கள். எண்ணெயும் அரப்பும் நெற்றியில் இறங்கி, அவள் புறங்கையில் ஏறி, வளையல்களுக்கு நடுவே வழிந்தது. வரிசை முடிந்து, பெரியப்பாவே துணி நனைத்து நெற்றியைத் துடைத்துவிடும்வரை அவள் கையை எடுக்கவில்லை. ஜீப் வந்தது. டாக்டர் சம்மதம் கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினாள். அவர்கள் வேலை முடித்துப் போனபின் பார்த்தேன். அப்பாவின் முகம் அப்பாவின் முகமாகத்தான் இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள், நானும் கண் கொடுக்கப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குஞ் சேர்த்துச் சொல்லிரு" என்றாள்.

"அடையாளம் எப்படிக் கண்டுக்குவாருன்னு கேட்டியே?"

முறத்தைக் கீழே வைத்தாள்.

"நாங் கூப்புட்டாத் தெரியாதா அவருக்கு?" என்றாள்.