நெல் கிளறிய மாநாடு

எங்கள் சபையார் ஜெபித்துக் கேட்டவற்றில் பாதி வந்ததே இல்லை. வந்ததில் பாதி தாமதமாக வந்தது. கேட்டபடியே, கேட்ட வேகத்திலேயே வந்து சேர்ந்தது எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அது வாய்க்கால் தண்ணீர். அது வந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

பாபநாசத்திலிருந்து உள்ளே பிரிகிற சாலையில், ஒரு வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது எங்கள் ஊர். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் நடவு நட்டுக் கதிர் அறுத்த தெரு எங்களுடையது. என் சிறுவயதில் சிலர் குத்தகைக்கு நிலம் பிடித்திருந்தார்கள். அப்பாவும் அவர்களில் ஒருவர். சிலர் படித்து உத்தியோகத்துக்குப் போயிருந்தார்கள். அவர்களில் முதல் ஆள் அத்தை. அப்பாவின் தங்கை, பள்ளிக்கூட டீச்சர். எங்கள் தெருவில் முதன்முதலாக ஸ்கூட்டர் ஓட்டிய பெண்ணும் அவள்தான். அதன் பின்னால் உட்கார்ந்து போகும் உரிமை எனக்கு மட்டுமே என்பதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

பள்ளிக்கூடம் போக மிச்ச நேரமெல்லாம் அத்தைக்குச் சபையின் வாலிபர்கள்தான். பாட்டுச் சொல்லித் தருவாள், வேதபாடம் எடுப்பாள், வேலைக்கு மனு எழுதிக் கொடுப்பாள், காதல் விவகாரம் என்றால் இரண்டு வீட்டுக்கும் நடந்து பஞ்சாயத்தும் பண்ணுவாள். இப்படி ஊர் ஊராக வாலிபர்கள் நடுவே ஊழியம் செய்கிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஓரிடத்தில் கூடுவார்கள். வாலிபர் ஊழியர் மாநாடு என்று பெயர். அது எப்போதும் தஞ்சாவூர், மயிலாடுதுறை மாதிரி ஊர்களில், மின்விசிறி சுற்றுகிற மண்டபத்தில்தான் நடக்கும். அந்த வருஷம் கமிட்டிக் கூட்டத்தில் அத்தை எழுந்து, "இந்தத் தடவ எங்க ஊருக்குக் குடுங்க" என்று கேட்டுவிட்டாள்.

கமிட்டித் தலைவர் தஞ்சாவூரில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக் கலைந்து யாரும் பார்த்ததில்லை. "கிராமத்துல வசதி பத்துமாம்மா? எல்லாம் படிச்ச புள்ளைங்க வர்றாங்க" என்றாராம். கடைசியில் அரைமனதாக ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: இந்தத் தடவை ஏதாவது கோளாறானால், இனி எந்தக் கிராமமும் மாநாட்டைக் கேட்டுக்கொண்டு வரக்கூடாது. அத்தை இதை வீட்டில் வந்து சொன்னபோது அவள் முகம் வெளுத்திருந்தது. அவள் தோற்றால் தோற்பது எங்கள் ஊர் மட்டுமல்ல, சுற்றுவட்டாரத்தில் உள்ள அத்தனை ஓட்டுக்கூரைத் தேவாலயங்களும்தான். அது எனக்கே புரிந்தது.

தேவாலயத்துக்குப் பின்னால் அப்பாவின் குத்தகை வயல் காய்ந்து கிடந்தது. அதைச் செதுக்கிச் சமன் செய்து பந்தல் போடுவதென்று முடிவாயிற்று. தெருவே திரண்டு வேலை செய்தது. அதே வாரங்களில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபமும் நடந்துகொண்டிருந்தது. மேட்டூர் திறந்தும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டவில்லை. முதல் ஜெபம், ஆண்டவரே, சீக்கிரம் தண்ணீரை அனுப்பும். இரண்டாவது ஜெபம், வயலில் நடக்கப்போகிற மாநாட்டை ஆசீர்வதியும். இரண்டும் முட்டிக்கொள்ளும் என்று படித்தவர், படிக்காதவர் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் வேண்டாம் என்று சொல்கிற வாய் எங்கள் பக்கத்தில் எந்த மதத்திலும் கிடையாது.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்கள். எங்களுக்கு அது, மாநாட்டுக்கு முந்தின நாள் காலையில், பந்தலுக்குள்ளேயே வந்தது. மேலே மதகைத் திறந்துவிட்டார்கள். நுரையும் சருகுமாகத் தண்ணீர் ஓடிவர, பிள்ளைகள் நாங்கள் அதற்கு முன்னால் ஓடிவந்தோம். மேலத்தெருவில் பூவும் சூடமுமாக வரவேற்றார்கள். எங்கள் தெருவில் பாட்டுப் பாடினார்கள். அப்பா மண்வெட்டியைத் தூக்கிப் பிடித்து "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" என்று கத்தியபடி கரையோடு ஓடினார். அந்த ஓட்டத்தில்தான் வயல் பக்கம் திரும்பிப் பார்த்தார். கரை சரிந்திருந்த இடத்தில் தண்ணீர் புகுந்து, எங்கள் பள்ளத்து வயல் நிரம்பி, பந்தல் கால்களைச் சுற்றிக்கொண்டிருந்தது. நடுவில், சேலையைத் தூக்கிப் பிடித்தபடி அத்தை நின்றாள். அப்பாவின் அடுத்த ஸ்தோத்திரம் பாதியில் நின்றுவிட்டது.

"ஜெபம் பண்றப்ப தேதியும் சேத்துச் சொல்லியிருக்கணும்ணே" என்றார் சித்தப்பா. அத்தையால் அழவும் முடியவில்லை, கோபப்படவும் முடியவில்லை. ஊரே கொண்டாடுகிற தண்ணீரில் நின்றுகொண்டு யாரைத் திட்டுவது?

சித்தப்பாதான் வழியும் சொன்னார். "ரைஸ்மில் களத்தக் கேட்டா என்ன?" எல்லோரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஊர் முனையில் இருந்தது அந்த ஆலை. பெரிய சிமெண்டுக் களம். பக்கத்திலேயே கிடங்கு, அறுவடை இல்லாத மாதம் என்பதால் காலி. இடத்துக்கு என்ன குறை? ஆனால் அத்தை சிறுமியாக இருந்தபோது விடுமுறை விட்டால் அந்தக் களத்தில் கூலிக்கு நெல் கிளறியவள். அவித்த நெல்லை வெயிலில் பரப்பி, காலால் கோடு கோடாகக் கோதிக்கொண்டே நடக்க வேண்டும். நெல்லும் சுடும், தரையும் சுடும். பத்தாம் வகுப்பில் தேறிய அன்று, இனி இந்தக் களத்தில் கால் வைப்பதில்லை என்று சொல்லிவிட்டு வந்தாளாம். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பேசாத விஷயம் இது. எனக்கும் தெரியும், ஏதோ ஒரு கதை தெரிவது போல.

"நானே போய்க் கேக்குறேன்" என்று அத்தை ஈரக் காலோடு ஸ்கூட்டரை எடுத்தாள். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

மில்காரர் ஊறல் தொட்டியின் ஓரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவருக்கு அவர் கவலை. நெல்லை ஊறப் போட்டாகிவிட்டது. அவிக்காமல் விட்டால் நாறிப்போகும். அவித்தால் மறுநாள் வெயிலிலேயே காய்ந்தாக வேண்டும். தண்ணீர் வந்த சேதி கேட்டதும் களத்து ஆட்கள் அத்தனை பேரும் வயல் வேலைக்கு ஓடிவிட்டார்கள்.

"வாங்க டீச்சர். என்ன இவ்வளவு தூரம்?"

அந்தக் காலத்தில் அவரை "மொதலாளி" என்றுதான் கூப்பிட்டிருப்பாள். இப்போது "சார்" என்று தொடங்கி விஷயத்தைச் சொன்னாள்.

"எடம் குடுக்கிறதுல எனக்கு ஒண்ணுமில்ல டீச்சர். நாளைக்குக் களம் பூரா நெல்லு கெடக்குமே. கிளற ஆள் கெடைக்காம நானே அல்லாடிக்கிட்டு இருக்கேன்."

அத்தை களத்தைப் பார்த்தாள். நான் அவள் சேலையை இழுத்தும் திரும்பவில்லை. பிறகு சொன்னாள், "கெடங்க எங்களுக்குக் குடுங்க சார். நெல்ல நாங்க காய வச்சுத் தர்றோம்."

"யாரு, டவுன்லேருந்து வர்றவங்களா? அவங்களுக்கு என்ன தெரியும்?"

"நான் சொல்லித் தர்றேன்."

மில்காரருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல ஆயிற்று. மைக்குக்கு மின்சாரமும் தன் கணக்கில் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை வேன்களிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கியவர்களால் ஊர் நிறைந்தது. திருவாரூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருந்தார்கள். நர்சுகள், வாத்தியார்கள், கம்ப்யூட்டர் படித்தவர்கள். சித்தப்பா பந்தலில் தப்பித்த கலர்த் துணிகளைக் கிடங்குச் சுவரில் கட்டி அதை மண்டபமாக்கியிருந்தார். ஆனால் அவித்த நெல்லின் வாசனையை எந்தத் துணியைக் கொண்டு மறைப்பது? தலைவர் வேனிலிருந்து இறங்கியதும் களத்தில் ஆவி பறக்கப் பரப்பியிருந்த நெல்லைத்தான் பார்த்தார். "இதென்னம்மா?" என்றார். "சொல்றேங்க ஐயா" என்றாள் அத்தை.

பிள்ளைகள் நாங்கள் வரவேற்புப் பாட்டுப் பாடிவிட்டு மேடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தோம். என் பக்கத்தில் கும்பகோணத்திலிருந்து அம்மாவோடு வந்த என் வயதுப் பெண் ஒருத்தி, பளபளக்கும் கிளிப் போட்டுக்கொண்டு. மேடையில் நிற்பது என் அத்தை என்று அவளிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். ஸ்கூட்டரைப் பற்றியும் சொல்லிவிட்டேன்.

முதலில் மில்காரர் இரண்டு வார்த்தை பேசினார். "டீச்சர் நம்ம ஊரு பொண்ணு. சின்னதுலேருந்து பாக்குறேன். அவங்க கேட்டா இல்லன்னு சொல்ல முடியுமா?" அதோடு நிறுத்திக்கொண்டார். பண்பான மனிதர். ஓரமாக நின்ற அப்பா மூச்சை விட்டார்.

அத்தை மைக்கை வாங்கினாள். "சார் என் மரியாதைக்காகச் சொல்லாம விட்டுட்டாங்க. நான் சொல்லிடுறேன். நான் இந்தக் களத்துல கூலிக்கு நெல்லு கிளறுன பொண்ணு. லீவு முடிஞ்சு பள்ளிக்கூடத்துக்குக் கால் கொப்புளத்தோடதான் போவேன். இன்னிக்கு இந்த நெல்லக் கிளற ஆள் இல்ல, நாமதான் கிளறணும். குழுவாப் பிரிஞ்சு பேசுறத உக்காந்து பேசாம, நடந்துக்கிட்டே பேசுவோம். செருப்பக் கழட்டிட்டு வாங்க."

எனக்கு முகம் தீயாய் எரிந்தது. இத்தனை பாடுபட்டு மாநாட்டைக் கொண்டுவந்து, படித்தவர்கள் இத்தனை பேர் முன்னால் இதைப் போய் யாராவது சொல்வார்களா? கிளிப் போட்டவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் குனிந்துகொண்டேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். திருவாரூர்ப் பக்கத்தில் நர்ஸ் என்று பிறகு தெரிந்தது. "எங்கம்மா இன்னமும் கிளறிக்கிட்டுதான் இருக்காங்க டீச்சர்" என்றாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் களத்தில் இறங்கினாள். அடுத்து ஒரு வாத்தியார் எழுந்தார். "எங்கப்பா மில்லுல மூட்ட தூக்குனவரு" என்று சொல்லிவிட்டு ஷூவைக் கழற்றினார். அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை, எழுந்து வந்துகொண்டே இருந்தார்கள். வாசலில் ஷூவும் செருப்பும் குவிந்துவிட்டன. கிளிப் போட்டவள் என் கையைப் பிடித்து இழுத்தாள், "வா, நாமளும் போவோம்!"

அத்தை சேலையைச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். "கால தூக்காதீங்க, இழுங்க. கோடு வளையக் கூடாது!" அவளுக்குப் பின்னால் குழு குழுவாக நடந்தார்கள். படித்து வெளியூர் போகிற பிள்ளைகள் சபையையும் ஊரையும் விட்டு ஒதுங்காமல் இருக்க என்ன செய்வது என்பதுதான் பேச்சு. மண்டபத்தில் என்றால் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். இங்கே சூடு தூங்க விடவில்லை. நீட்டி முழக்குகிற பழக்கம் உள்ளவர்களுக்கும் கோடு முடிகிற இடத்தில் பேச்சு முடிந்துவிட்டது. யாரோ ஒருவர் பாட்டெடுக்க, களம் முழுவதும் அந்தப் பாட்டுக்கு ஏற்ப நடந்தது. மில்காரரின் மனைவி மோர்ப்பானையோடு வந்து, ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார். மதியம் அம்மா வைத்த கோழிக்குழம்பைக் கிடங்கில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். எனக்கு வெட்கமெல்லாம் எப்போது போனதென்றே தெரியவில்லை.

தலைவர் மட்டும் அதுவரை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு முறை நெல்லைக் கிளறியபோது, பேசாமல் எழுந்தார். ஷூவைக் கழற்றிப் பேண்ட்டை மடித்துவிட்டு, ஆளில்லாத ஓரமாக இறங்கினார். நானும் கிளிப் போட்டவளும் அந்தப் பக்கம்தான் நின்றோம். எல்லோரும் காலைப் பார்த்துப் பார்த்து நடக்க, இவர் தரையைப் பார்க்கவே இல்லை. கோடு அடித்தாற்போல நேராகப் போனது. கடைசியில் போய், ஓரத்தில் சிதறிக் கிடந்த நெல்லைக் குதிகாலால் ஒரே தள்ளாக உள்ளே தள்ளி, அதே வீச்சில் திரும்பினார். அந்தத் தள்ளலை அத்தை அன்று யாருக்கும் சொல்லித் தரவில்லை. அவள் தன் கோட்டில் அப்படியே நின்று அவர் கால்களையே பார்த்தாள்.

அவர் நடந்து வந்து அவள் எதிரில் நின்றார். வெள்ளைச் சட்டை வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. "அடுத்த வருஷம் மண்டபமெல்லாம் வேணாம்மா" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "எந்தக் கிராமம் கேக்குதோ, அங்கயே வச்சிருவோம்."

களமே ஆர்ப்பரித்தது. பெயர் தெரியாத ஊர்களிலிருந்து வந்தவர்களெல்லாம் "எங்க ஊருக்குக் குடுங்க ஐயா" என்று கையைத் தூக்கினார்கள். சித்தப்பா, நடப்பது சபைக் காரியம் என்பதை மறந்து, விசில் அடித்தார். அத்தை ஜெயித்துவிட்டாள். அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தலைவரும் கைக்குட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றினார். வெயில் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வீடு திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்னாலிருந்து கேட்டேன், "அத்த, தலைவரு எப்படி அவ்வளவு சீக்கிரம் கத்துக்கிட்டாரு?" "கெட்டியாப் புடிச்சுக்க" என்று அத்தை வேகத்தைக் கூட்டினாள். அதை அவர் எந்த ஊர்க் களத்தில், எந்த வயதில் கற்றிருப்பார் என்று யோசிக்க எனக்கு இன்னும் பல வருஷம் ஆக வேண்டியிருந்தது. அன்றைக்கு நான் தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்: வந்தவர்களிலேயே கெட்டிக்காரர் அந்தத் தஞ்சாவூர்த் தலைவர்தான், நெல் கிளறுவதை ஒரே மத்தியானத்தில் கற்றுக்கொண்டுவிட்டார்.