விசிறிமேல் ஒட்டிய ‘ங்க’

ஈரம் கோத்த பிளாஸ்டிக் உறைமேல் நகம் பட்டால் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். எட்டு வயதில், ஏறக்குறைய இரண்டு மாதம், எனக்கிருந்த குரல் அதுதான். மூச்சுப்பாதை வீங்கிக் குறுகியதால் கோயம்புத்தூரில் என் தொண்டையில் துளையிட்டு ஒரு சிறு குழாய் பொருத்தினார்கள்; மூச்சு அதன் வழியே போய்வந்தது, பேச்சுக்கு வழி இல்லாமல் போயிற்று. ஜெகதளாவிலிருந்த எங்கள் வீட்டுக்குப் பக்கம் என்று பிறகு குன்னூரில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டுக்கு மாற்றியபோது, என்னோடு பிளாஸ்டிக் உறையிட்ட ஓர் அட்டையும் மலையேறி வந்தது. பன்னிரண்டு கட்டம், கட்டத்துக்கு ஒரு படம், படத்தின் கீழே ஒரு சொல். தண்ணீர், வலி, ஊசி, சளி, கழிப்பறை, அம்மா, அப்பா என்று வேண்டியதை நான் தொட்டுக் காட்ட வேண்டும்.

அட்டை கீழே சமவெளியில் வரையப்பட்டது என்பதற்குக் கடைசிக் கட்டமே சாட்சி. அதில் மின்விசிறி இருந்தது. எங்கள் வார்டில் விசிறி மாட்டக் கொக்கிகூடக் கிடையாது.

என் அம்மாவுக்கு அட்டையில் வேறு குறை தெரிந்தது. முதல் நாள் நான் நர்ஸைப் பார்த்துத் ‘தண்ணீர்’ கட்டத்தைத் தட்டியதும் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

“நர்ஸம்மாகிட்ட இப்படி மொட்டையாவா கேக்கறது? ‘தண்ணிங்க’ன்னு சொல்லோணும்” என்றவர், அப்பாவிடம் திரும்பி, “ஏனுங்க, இதுல ‘ங்க’ எங்கீங்க?” என்று கேட்டார்.

அருவங்காட்டில் குமாஸ்தாவாக இருந்த அப்பா எதையும் எழுத்தில் தீர்க்கக்கூடியவர். ஒரு வெள்ளைத்தாளை அளவாக வெட்டி, ஆபீஸ் கோப்புகளில் எழுதும் அதே உருண்டைக் கையெழுத்தில் ‘ங்க’ என்று எழுதி விசிறியின்மேல் ஒட்டினார். அந்த நர்ஸ், மலையாளம் கலந்து பேசும் தேவர்சோலைக்காரரான லீலா சிஸ்டர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அய்யோ சேச்சி, எனக்கு எந்தினா இவ்வளவு மரியாதை?”

அம்மா மசியவில்லை. ‘ங்க’ தட்டாத விண்ணப்பம் அவர் காதில் விழாது. நானும் பழகிக்கொண்டேன், சீக்கிரமே அதில் வித்தையும் கற்றேன். ஊசியோடு வரும் டாக்டரிடம் ‘ஊசி’, ‘வலி’, ‘ங்க’, ‘ங்க’, ‘ங்க’ என்று கெஞ்சுவேன். ‘அப்பா’வையும் ‘கழிப்பறை’யையும் அடுத்தடுத்துத் தட்டி, கடைசியில் பணிவாக ஒரு ‘ங்க’ சேர்ப்பேன். பக்கத்துக் கட்டில்கள் சிரிக்கும். “இதுக்குத்தானா நான் எழுதிக் கொடுத்தேன்?” என்பார் அப்பா.

‘சளி’ மட்டும் விளையாட்டுக்கு ஆகாத கட்டம். குழாயில் சளி சேர்ந்தால், நர்ஸ் அதற்குள் மெல்லிய குழல் ஒன்றை விட்டு இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்க வேண்டும். தாமதித்தால் மூச்சு அடைக்கும்.

ஒரு பிற்பகல், ஜன்னல்வரை பனிமூட்டம் வந்து நின்றிருந்த நேரம், அம்மா கட்டிலருகே குனிந்து ஸ்வெட்டர் ஒன்றில் அறுந்த பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தார். லீலா சிஸ்டர் வார்டின் மறுகோடியில் இருந்தார். என் குழாயில் ஏதோ கட்டியாகத் திரண்டது. நான் ‘சளி’யைத் தட்டினேன்.

“சளிங்க” என்று நிமிராமலே திருத்தினார் அம்மா.

மறுபடி ‘சளி’.

“‘ங்க’ எங்க போச்சு, சாமி?”

‘ங்க’ இருந்த மூலைவரை கையைக் கொண்டுபோக என்னிடம் மூச்சு இல்லை. இருந்த இடத்திலேயே ‘சளி’, ‘சளி’, ‘சளி’ என்று குத்தினேன். வாரக்கணக்கில் நான் மரியாதை தவறியதில்லை. அதனால்தான் அம்மா நிமிர்ந்தார். என் உதடுகளைப் பார்த்தார். வார்டில் அதுவரை யாரிடமும் குரல் உயர்த்தாதவர் கத்தினார்:

“ஏய் லீலா! ஓடி வாடி!”

சிஸ்டர் வந்த வேகத்தில் ஒரு செருப்பு வழியிலேயே நின்றுவிட்டது. குழல் உள்ளே போயிற்று, இயந்திரம் உறுமியது, காற்று வந்தது. நான் இரண்டு மூன்று முறை நன்றாக மூச்சு விடும்வரை பொறுத்திருந்து, அம்மா கைகூப்பினார்.

“மன்னிச்சுக்கோங்க சிஸ்டர். ‘வாடி’ன்னு சொல்லிப்போட்டனுங்க.”

“அது கேட்டிட்டல்லே சேச்சி ஓடி வந்தது! ‘வாங்க’ன்னு சொல்லியிருந்தா நடந்துதான் வந்திருப்பேன்.”

அன்றுமுதல் ‘சளி’க்கு மட்டும் மரியாதையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. மற்ற பத்துக் கட்டங்களுக்கும் பழைய சட்டம் நீடித்தது. குழாயை எடுத்து, துளை மூடி, குரல் திரும்பியதும் அட்டையை வார்டிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

சென்ற மாதம் தோழியின் மகளைப் பார்க்க அதே வார்டுக்குப் போனேன். அந்தக் குழந்தையிடம் பேசும் டேப்லெட் இருக்கிறது. படத்தைத் தொட்டால் செய்தி வாசிப்பவர் குரலில் “தண்ணீர் வேண்டும்” என்கிறது. மறுகோடியில் இருந்த நர்ஸ் திரும்பாமலே “இதோ வர்றேன், தங்கம்” என்றார். நல்ல ஏற்பாடு, அன்று எனக்கு அது இருந்திருந்தால் யாராவது நிமிரும்வரை காத்திருந்திருக்க வேண்டாம்.

என் அட்டை அப்படியல்ல. நான் ஒரு சொல் சொல்ல, யாராவது பக்கத்தில் வந்து குனிந்தாக வேண்டும். அப்படிக் குனிந்த முகங்கள் இப்போதும், அவ்வளவு கிட்டத்தில் தெரிந்த அளவு மாறாமல், நினைவிருக்கின்றன. லீலா சிஸ்டரின் இடது புருவத்தைக் குறுக்கே வெட்டும் தழும்பு ஒன்று உண்டு. அது எப்படி வந்தது என்று கேட்க என் அட்டையில் படம் இல்லை. குரல் வந்தபின் கேட்க மறந்துவிட்டேன்.