அரை மைலுக்கும் குறைவு

மேகம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஒருமுறை கணக்கிட்டேன். குன்னூர் போகும் மலை ரயிலில், ஸ்டேஷன்தோறும் கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை அடி என்று பலகையில் எழுதியிருக்கும். மூவாயிரத்து ஐந்நூறைத் தாண்டியதும் மேகம் ஜன்னல் வழியே வந்து என் மூக்குக் கண்ணாடியை நனைத்தது. அந்த உயரத்திலிருந்து எங்கள் ஊரான பெரியநாயக்கன்பாளையத்தின் உயரத்தைக் கழித்தேன். ஏறக்குறைய இரண்டாயிரம் அடி. என் வீட்டிலிருந்து நான் பாடம் நடத்திய பள்ளிக்கூடம்கூட அதைவிடத் தூரம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், ஆடி கழிந்தும் மழை இல்லை. காலை ஆறு மணிக்கு மலையைப் பார்த்து, மேகம் நிற்கும் இடத்தை டைரியில் குறிப்பேன். பள்ளிக்கூட வாசலைக் கூட்ட வரும் பண்ணையாள் வீட்டு நடுவயதுப் பெண் ஒருநாள் கேட்டாள்.

"ஏனுங்க சாமி, அந்த மேகம் எத்தன தூரமுங்க?"

"அரை மைலுக்கும் குறைவு."

"அவ்வளவுதானுங்களா? நானு எருமையக் கூப்புட்டா அதுக்கும் மேல கேக்குமுங்களே!"

சிரித்துவிட்டுத் தன் கஷ்டத்தைச் சொன்னாள். அவர்கள் தெருக் கிணறு வற்றிப் பன்னிரண்டு நாள். மருமகள் பிள்ளை பெற்று ஐந்து நாள். ஊர்க் கிணற்றில் இவர்கள் இறைக்கக் கூடாது. தள்ளி நின்று, யாராவது ஊற்றினால் ஒரு குடம் கிடைக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை ஊரில் மழைச்சோறு எடுத்தார்கள். பெண்கள் வீடுவீடாக உப்பில்லாத சோறு வாங்கி, ஒரே பானையில் கலந்து, உண்டுவிட்டு, வானத்தைப் பார்த்து ஒப்பாரி வைப்பார்கள். அழுகை கேட்டு மேகம் இரங்கும் என்பது நம்பிக்கை. ஊர்க் கிணற்றடியில் கூடியிருந்தார்கள். ஊரின் பெரிய நிலக்காரரான பண்ணாடியும் இருந்தார். நானும் போயிருந்தேன்.

அவள் இடுப்பில் வெறுங்குடமும் கையில் கம்மஞ்சோற்றுக் கலயமுமாக வந்தாள். கலயத்தைக் கிணற்று மேடையின் ஓரத்தில் வைத்தாள்.

"பண்ணாடி, எங்கூட்டுச் சோத்தையும் ஒரு கை போட்டுக்கச் சொல்லுங்க. மேகம் கிட்டத்துலதான் இருக்குதாமுங்க. நாங்களும் சேந்து அழுதா நல்லாக் கேக்குமுங்க."

"இவ தொண்டைக்கு மழ வராதுக்கா, இடிதான் வரும்" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. பெண்கள் சிரித்தார்கள். பண்ணாடி சிரிக்கவில்லை.

"மேடைல கலயத்த வெச்சுப்போட்டயா? உன்ர சோறு கலந்தா வர்ற மேகமும் தீட்டுன்னு திரும்பிப் போயிரும்!"

கைத்தடியால் கலயத்தைத் தள்ளினார். அது உடைந்தது. "மேடையக் கழுவுங்கடா!" என்றார்.

நாற்பத்திரண்டு அடி ஆழத்தில் கிடந்த சேற்றுத் தண்ணீரை இரண்டு பேர் இறைத்தார்கள். ஒரு குடம், இரண்டு குடம், மூன்று குடம். கல்லில் ஊற்றினார்கள். அது வழிந்து அவள் காலுக்கு முன்னால் மண்ணுக்குள் போனது.

"அத என்ர கொடத்துல ஊத்தியிருந்தா பிள்ளப் பெத்தவ குடிச்சிருப்பாளுங்களே. கல்லு வெய்யில்ல காஞ்சா சுத்தமாயிராதுங்களா?"

"இன்னிக்கு உனக்குத் தண்ணி கிடையாது. போ." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க வாத்தியாரே, மேகம் கிட்டத்துலன்னு நீங்கதான் சொன்னீங்களாக்கும்?"

"சும்மா வெளையாட்டுக்குச் சொன்னதுங்க" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். குடத்தைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

கழுவிய ஈரக் கல்லின்மேல் உட்கார்ந்து, ஒரு சொட்டுத் தண்ணி இல்லையே என்று பெண்கள் மாரடித்து அழுதார்கள். நான் வீட்டுக்குப் போய்ப் பானையைத் திறந்து பார்த்தேன். இரண்டு குடம் தண்ணீர் இருந்தது. இருட்டும்வரை அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

அன்றைய டைரியில், மேகம் மலையுச்சியில் நின்றது என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.