அருவிப் பசி

குற்றாலத்தில் குளித்துவிட்டு இட்லிக் கடையில் உட்கார்ந்தேன். எதிரே தென்காசிக் குமாஸ்தா ஒருவர், ஈரக் குடுமியோடு, தன் இலையை விட்டு என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சென்னைக்கு மாற்றல் வந்திருக்கிறதாம். குடும்பத்தோடு அங்கே கட்டுப்படியாகுமா என்று யோசித்து மறுநாள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"அண்ணாச்சி மெட்ராஸ்தானே? அங்கன எத்தன இட்லி சாப்பிடுவிய?"

"மூணு."

"இங்கன ஒம்பது ஆயிட்டு."

"அருவியில குளிச்ச பசி."

"அதத்தான் சொல்லுதேன். அங்கன வாடக கூடத்தான். ஆனா அருவி கெடையாதுல்லா? எங்க வீட்ல ஏழு வயிறு. சோத்துச் செலவு பாதியாயிருமே."

"சாரல் நின்னா இங்கயும் பசி குறையுமே."

"அதுக்குள்ள நெல்லு தீந்துருது."

பட்டணம் போவதென்று அங்கேயே முடிவு செய்தார். கை கழுவினார். பிறகு உச்சியில் எண்ணெய் வைத்துக்கொண்டு மறுபடியும் அருவிப் பக்கமே நடந்தார். அவர் சென்னைக்கு வந்தாரா என்பது எனக்குத் தெரியாது.