எதுக்குச் சிரிச்சீக?

நாரணாபுரத்து யோகேஸ்வரிக்கு நாலாம் வகுப்பு படிக்கும்போது ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அது இரண்டு காதையும் சேர்த்தே கொண்டுபோய்விட்டது. பேச்சு மட்டும் மிச்சம். ஆனால் தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று அவளுக்குத் தெரியாது. பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு கண்டு, வெளியில் வாய் திறப்பதையே விட்டுவிட்டாள். அம்மா பட்டாசுக் கம்பெனி சம்பளத்தில் படிக்கவைத்தாள். இப்போது சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கிறாள்.

அவளுடைய பெரிய ஆசை ஒன்றுதான். மற்றவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

வேலை விஷயமென்றால் தாளில் எழுதிக் காட்டுவார்கள். சிரிப்பை எவர் எழுதிக் காட்டினார்? சைகையில் கேட்டால், "ஒண்ணுமில்லக்கா, பெறகு சொல்றேன்" என்று கையசைத்துவிடுவார்கள். உதட்டைப் பார்த்துப் பார்த்து அந்த வாக்கியம் அவளுக்கு மனப்பாடம். அந்தப் 'பெறகு' ஒருநாளும் வந்ததில்லை. நல்ல மனுசர்கள்தான், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எல்லாருமே கல்நெஞ்சுக்காரர்கள். அவளும் கூடச் சேர்ந்து பல்லைக் காட்டி வைப்பாள். உள்ளுக்குள், 'நம்மைப் பத்தித்தான் இருக்குமோ?' என்று அரித்துக்கொண்டே இருக்கும்.

ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வெளியாக வேண்டும். அதிலுள்ள படங்களைப் பார்த்துத்தான் கடைக்காரர்கள் ஆர்டர் கொடுப்பார்கள். அதனால் முதலாளி ராஜபாண்டியன் அண்ணாச்சி தினமும் காலையில் கூட்டம் போட்டார். விருதுநகரில் ஆர்டர் பிடிக்கும் மணிகண்டராஜ் போனில் கலந்துகொள்வான். யார் என்ன சொன்னார்கள் என்று பிறகு சண்டை வராமலிருக்க அவனே ஒரு ஏற்பாடு செய்தான். நெட்டில் ஒரே ஒரு பக்கம். எல்லாரும் அவரவர் கம்ப்யூட்டரில் அதைத் திறந்துவைத்து, பேசப் பேசக் குறிப்பு எழுதலாம். ஒருவர் எழுதுவது, அவர் பெயரோடு தனி நிறத்தில், அந்த நொடியே மற்றவர்களுக்கும் தெரியும்.

யோகேஸ்வரியை மனதில் வைத்து யாரும் இதைச் செய்யவில்லை. ஆனால் அவள்தான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலி சிவபாண்டி அவசரத்தில் தப்பாக அடித்து அழிப்பது தெரிந்தது. விருதுநகரில் மணிகண்டராஜ் பாதி வரியில் நின்று யோசிப்பதுகூடத் தெரிந்தது. பேச்சு நடக்கும்போதே அதற்குள் இருப்பது இப்படித்தானா! அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

அப்புறம் ஒருநாள், திடீரென்று எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சிவபாண்டி மேசையில் தட்டினான். திரையில் மட்டும் எழுத்து நின்றுபோனது. கடைசி வரி, 'பிரியாணிக் கடை, ஆட்டுப் படம்.' இதில் சிரிக்க என்ன இருக்கிறது? சிவபாண்டியின் பார்வை ஒரு தடவை அவள் பக்கம் வந்து போனது. அவனைக் கேட்டால் பிறகு சொல்கிறேன் என்பான். இந்தப் பக்கத்தில் கேட்டால் முதலாளியிலிருந்து விருதுநகர் வரை எல்லாருக்கும் தெரிந்துவிடும். தெரிந்தால் தெரியட்டும் என்று அடித்தாள்.

"இப்ப எதுக்குச் சிரிச்சீக?"

சிரிப்பு நின்றது. முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார். ஒருவரும் கையை அசைக்கவில்லை. கேட்டதை அழித்துவிடலாமா என்று அவள் விரல் போகும்போது, மணிகண்டராஜின் பெயர் பச்சையில் நகர்ந்தது.

"அக்கா, கடைக்காரரு ஆடு சிரிச்ச மொகமா இருக்கணும்னு கேக்காரு. ஆடு எதுக்குலே சிரிக்கும்னு அண்ணாச்சி கேட்டாக. கீழ வெள்ளிக்கிழமைத் தாள் தொங்குனா சிரிக்கும்னு சிவபாண்டி சொல்றான்."

யோகேஸ்வரி சிரித்தாள். இத்தனை வருஷம் ஒளித்துவைத்த குரல் அப்படியே வெளியே வந்தது. எவ்வளவு சத்தமோ, யார் கண்டது! எல்லாரும் திரும்பினார்கள், ஆனால் அது பஸ்ஸில் பார்த்த பார்வை இல்லை. அவர்களுக்கும் மறுபடி சிரிப்பு பற்றிக்கொண்டது. அவள் உடனே அடித்தாள்: "அப்ப ஞாயித்துக்கிழமைத் தாளையே அச்சடிக்காம விட்ருவோம்."

முதலாளிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் ஆர்டர் கொஞ்சமும் அரட்டை நிறையவுமாக ஆயிற்று. முதலாளி முணுமுணுத்தாரே தவிர, வேண்டாமென்று சொல்லவில்லை. ஒருநாள் அவரே தன் மாமனார் வீட்டுப் பூனையைப் பற்றி ஏதோ சொன்னார். முதலாளி ஆயிற்றே, எல்லாரும் சிரித்தார்கள். யோகேஸ்வரியும் திரையைப் பார்த்துக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. முதலாளி மேசையைத் தட்டினார். சிவபாண்டி பதறிப்போய் அதையும் சேர்த்தே அடித்தான்: "ஏலே, நான் சொன்னதை ஒருத்தரும் எழுதலயே, அந்தப் புள்ள எப்பிடிலே சிரிக்கும்னு அண்ணாச்சி ஏசுதாக."

பூனைக் கதை வரி வரியாக வந்தது. முதலாளி ஆசையோடு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மேலிருந்து கீழ்வரை படித்தாள். இன்னொரு தடவையும் படித்தாள். இத்தனை வருஷமாகக் காரணம் தெரியாமலே எல்லாரோடும் சிரித்துவைத்தவள், அன்று காரணம் தெரிந்தும் சிரிக்கவில்லை.

"நல்லால்ல அண்ணாச்சி" என்று எழுதினாள்.