ஆர்மோனியத்தின் சுருதிக்கு ஒரு ராக் ஆல்பம்

2005 மழைக்காலம் முடிந்தபோது என் ஆல்பத்தில் ஒரே ஒரு வாத்தியம்தான் பாக்கி இருந்தது. கிதார், பேஸ், கீபோர்டு, குரல் எல்லாவற்றையும் நான் ஒருவனே, உப்பளம் பகுதியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் மாடியறையில் ஒவ்வொன்றாகப் பதிவு செய்திருந்தேன். டிரம்ஸையும் கீபோர்டிலேயே விரலால் தட்டி ஏற்றினேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், சுவரோடு சாய்த்து நிறுத்திய இலவம்பஞ்சு மெத்தைகள். இவ்வளவுதான் ஸ்டுடியோ. பதிவு நடக்கும்போது மின்விசிறி ஓடக் கூடாது என்பதால் ஒவ்வொரு பாட்டிலும் என் வியர்வை இருக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம்.

ப்ரோக்ரசிவ் ராக் என்றால் எங்கள் தெருவில் யாருக்கும் விளங்காது. ஒரே பாட்டு இருபது நிமிடம் ஓடும். தாளம் நாலிலிருந்து ஏழுக்குத் தாவும், திரும்பி வரும், வராமலும் போகும். என் மனைவி ஒருநாள் துணிக்கூடையோடு மாடிப்படியில் நின்று முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாம் நல்லாத்தாங்க இருக்கு. பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றாள்.

பாக்கி இருந்த வாத்தியம் கீழ்த்தளத்தில் இருந்தது. வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரை எல்லோரும் முசியே என்றுதான் கூப்பிடுவோம், பிரெஞ்சில் 'ஐயா' என்பது போல. வருஷத்தில் பாதி பிரான்சில் இருப்பார். குளிர் தொடங்கியதும் இங்கே வந்து கீழ்வீட்டைத் திறப்பார். கூடத்தில் அவருடைய அப்பா வாங்கிய ஆர்மோனியம் இருந்தது. கச்சேரியில் மடிமுன் வைத்து வாசிக்கும் பெட்டி அல்ல. ஆள் உயரத்தில் பாதி இருக்கும். பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு காலாலும் மிதித்துக் காற்று ஏற்ற வேண்டும். பாரிசில் செய்தது. அதன் கீழ்ஸ்வரங்களை அழுத்தினால் தரை அதிரும். என்னுடைய நீண்ட பாட்டின் கடைசிப் பகுதியை நான் அதற்காகவே எழுதியிருந்தேன்.

அடுத்து வந்த பொங்கல் முடிந்ததும் முசியே ஒரு செய்தி சொன்னார். பிப்ரவரிக் கடைசியில் அவர் பிரான்சுக்குத் திரும்புகிறார். அதற்கு முன் ஆர்மோனியம் கடலூர்ப் பக்கம் ஒரு கிராமத்து மாதா கோயிலுக்குப் போகிறது. பங்குச் சாமியாரிடம் வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

"அதுக்குள்ள நீ வாசிச்சி முடிச்சிக்க தம்பி. அப்பறம் கோயில்ல வந்து ராக்கு கீக்குன்னு நின்னா சாமியார் மந்திரிச்சி வுட்டுருவாரு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மாடியிலிருந்து நீளமான ஒயர் இழுத்து மைக்கைக் கூடத்தில் வைத்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பதிவான கிதாரைக் கேட்டபடி முதல் ஸ்வரக்கூட்டை அழுத்தினேன். பல்லில் மணல் கடித்தது போல இருந்தது. ஆர்மோனியம் கிதாருக்குச் சற்றுக் கீழே நின்றது. அரை ஸ்வரம்கூட இல்லை, அதில் ஒரு சிறு பங்கு. ஆனால் இரண்டும் சேர்ந்தபோது நடுவில் ஒன்று அலையலையாக நடுங்கியது.

"ஆர்மோனியத்துல சுருதி எறங்கியிருக்கு முசியே" என்றேன்.

"எறங்கியிருக்கா? வருஷா வருஷம் தொடச்சி, பூச்சி மருந்து வெச்சி, புள்ளையாட்டம் வெச்சிருக்கேன். எறங்கினது உன் கிதாராத்தான் இருக்கும்." அன்று அவர் எனக்குக் காபி தரவில்லை.

கம்ப்யூட்டரில் சுருதியை ஏற்றிப் பார்த்தேன். அந்தக் காலத்து மென்பொருளில் ஆர்மோனியம் தண்ணீர்க் குழாய்க்குள் இருந்து முனகுவது போல ஒலித்தது. உள்ளே ஒலி எழுப்பும் உலோக நாக்குகளைச் சுரண்டிச் சரிசெய்ய ஆள் தேடலாம். ஆனால் கோயிலுக்குப் போகிற பொருளில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை. ஆர்மோனியத்தையே விட்டுவிடலாம் என்றால், பாட்டு கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடமே அதுதான்.

நான் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில் வேலை செய்தேன். இயந்திர உதிரிகளை அளப்பது, தேதி போட்டுக் குறிப்பது, தள்ளுவது. அந்தப் பழக்கத்தில் மறுநாள் மாலை, சுருதி பார்க்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு கீழே போய் ஒவ்வொரு கட்டையாக அளந்தேன். எல்லாம் தாழ்ந்திருந்தன. ஆனால் எல்லாம் ஒரே அளவு தாழ்ந்திருந்தன. கெட்டுப்போன வாத்தியம் அப்படிக் கெடாது. ஒன்று ஏறும், ஒன்று இறங்கும், ஒன்று ஊமையாகும். எங்கள் பிரிவில் ஒரு தட்டு நிறைய உதிரிகள் ஒரே அளவுக்குப் பிசகினால் நாங்கள் உதிரியைச் சந்தேகிக்க மாட்டோம். அளவுகோலைத்தான் எடுத்துப் பார்ப்போம்.

அப்போதுதான் எங்கேயோ படித்தது நினைவுக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசு, நாட்டில் எல்லா வாத்தியமும் இந்தச் சுருதியில்தான் இருக்க வேண்டும் என்று ஆணை போட்டது. இன்று உலகம் வைத்திருக்கும் சுருதியைவிட அது ஒரு நூல் கீழே. ஆர்மோனியம் தவறவே இல்லை. தன் நாட்டுச் சட்டப்படி அது இம்மியும் பிசகாமல் இருந்தது.

இதைச் சொன்னதும் முசியேவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய குடும்பம், பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரை விட்டுப் போனபோது எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பம்.

"பாத்தியா, அதுவும் நம்மாளு! எழுதிக் குடுத்துட்டு இங்கயே ஒக்காந்திருக்கு. நீதாம்பா அதோட ஒத்துப் போவணும்."

ஒத்துப் போவதென்றால் அந்தப் பாட்டுக்காக நான் செய்திருந்த அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, கிதாரையும் பேஸையும் கீபோர்டையும் அந்தப் பழைய சுருதிக்கு இறக்கி, முழுப் பாட்டையும் மறுபடி வாசித்துப் பாட வேண்டும். கையில் இருந்தது பிப்ரவரி மட்டும்.

"மறுபடியும் மொதல்லேர்ந்தா?" என்றாள் மனைவி.

"மொதல்லேர்ந்து."

"சரி. விசிறியப் போடாம எப்படி ஒக்காருவீங்களோ. மோரு கரைச்சி மேல அனுப்புறேன்."

அந்த மாதம் வேலை முடிந்து வந்த ஒவ்வொரு மாலையும், ஒவ்வொரு ஞாயிறும் மாடியில்தான் கழிந்தது. முதல்முறை வாசித்தபோது பாட்டு எங்கே போகிறது என்று தேடிக்கொண்டே வாசித்திருந்தேன். இந்த முறை வழி தெரிந்திருந்தது. ஏழு தாளப் பகுதியில் முன்பு எண்ணிக்கொண்டே இருந்த விரல்கள் இப்போது எண்ணவில்லை. சுருதி இறங்கியதில் என் குரலுக்கும் மூச்சு விட இடம் கிடைத்தது. புதிய பதிவையும் பழையதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். பழையதில் ஒருவன் தேர்வு எழுதிக்கொண்டிருந்தான்.

ஆர்மோனியம் வண்டியேறுவதற்கு முந்தின நாள், முற்பகல், மறுபடி கூடத்தில் உட்கார்ந்தேன். சுருதி கிதாரோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் வேறு ஒரு தொல்லை. தாளம் ஏழில் போவதால் என் கால்களும் ஏழாகவே மிதித்தன. காற்று அதற்கேற்ப விம்மி விம்மி இறங்கியது. கையும் காலும் தனித்தனியாகப் போக மறுத்தன.

முசியே கொஞ்ச நேரம் பார்த்தார். "தள்ளு" என்றார். பெஞ்சின் ஒரு பாதியில் உட்கார்ந்து மிதிகளில் கால் வைத்தார். "நீ கைய மட்டும் பாரு. இது அணிவகுப்புல நடந்த காலு."

அவருக்கு ஹெட்போன் கிடையாது. கிதார் எதுவும் கேட்காது. அதனாலேயே அவர் கால்கள் எந்தத் தாளத்திலும் சிக்காமல் ஒரே சீராக நடந்தன. முதல் தடவை நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது வாசலில் மீன்காரம்மா குரல் கொடுத்தார்.

"யக்கா, கொஞ்சம் சத்தம் போடாம போ, இங்க ரெக்கார்டிங் நடக்குது!" என்று முசியே ஜன்னல் வழியாகக் கத்தினார்.

"ஒங்க ரெக்கார்டிங்க வெச்சி நான் கொழம்பா வெக்கிறது?"

கூடையில் மிச்சமிருந்த சங்கராவை மொத்தமாக வாங்கித்தான் அவரை அனுப்ப முடிந்தது. மீனை என் மனைவி உள்ளே எடுத்துப் போனாள். இரண்டாம் தடவை தொடங்கினோம்.

கடைசிப் பகுதியில் தாளம் மெல்ல மெல்ல ஏறும். கிதார் ஏறியது, நான் ஏறினேன், என் பக்கத்தில் அந்தக் கால்கள் அவசரமே இல்லாமல் நடந்துகொண்டிருந்தன. எல்லாம் வந்து சேரும் அந்த ஸ்வரக்கூட்டைப் பத்து விரலாலும் அழுத்தினேன். நடுக்கம் இல்லை. எது கிதார், எது ஆர்மோனியம் என்று எனக்கே பிரித்துச் சொல்ல வரவில்லை. மேசைமேல் டம்ளர்கள் கிணுகிணுத்தன. விரலை எடுத்தபோது முசியே இன்னும் மிதித்துக்கொண்டிருந்தார்.

"போதும் முசியே. முடிஞ்சிடுச்சி."

"முடிஞ்சிடுச்சின்னு எனக்கு எப்படித் தெரியும்? காதுல மாட்டு."

ஹெட்போனை அவர் காதில் மாட்டி, பதிவை ஓடவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஏழு தாளம் வந்தபோது அவர் பாதம் தரையில் ஒருமுறை தடுமாறியது. முடிந்ததும், "தனியா ஒருத்தனே போட்ட ஆல்பமா இது? அப்ப என் காலு?" என்றார்.

ஆல்பத்தின் அட்டையில் எல்லா வாத்தியங்களுக்கும் எதிரே என் பெயர் இருக்கிறது. கீழே தனி வரியில், 'காற்று' என்று போட்டு அவர் பெயர்.

அன்று மதியம், மீன் குழம்பு கொதிக்கும் வாசனையில், ஸ்பீக்கர்களைக் கீழே இறக்கி, கூடத்து ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்து, பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒலிக்கவிட்டோம். மனைவி கரண்டியோடு வந்து கதவில் சாய்ந்து நின்றாள். கடைசிப் பகுதி வந்ததும் அவள் கைகளில் மயிர் நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

"இன்னொரு வாட்டி போடுங்க" என்றாள்.