எலுமிச்சம்பழத்தின் முன் ஒரு நீராவி எஞ்சின்

ஓசூரில் எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் எனக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் கார் எதுவும் நின்றதில்லை. அங்கே ஒரு தூணைச் சுற்றிச் சிறு தண்டவாளம் அமைத்து, பொம்மை நீராவி எஞ்சின் ஒன்றை ஓட்டிவந்தேன். பெங்களூருச் சந்தையில் பழைய இரும்புக் குவியலுக்குள் கிடைத்த பித்தளை எஞ்சின் அது. கொதிகலன் கசிந்தது, வெள்ளிப் பற்றாசு வைத்து அடைத்தேன். பிஸ்டன் தளர்ந்திருந்தது, கிராஃபைட் நூல் சுற்றினேன். அரை தம்ளர் நீரும் சிறிது ஸ்பிரிட்டும் ஊற்றினால் களைக்கும்வரை ஓடும். வீட்டுக்குள் அந்தத் தீயை ஏற்றக் கூடாது என்பது என் மனைவியின் கட்டளை. ஆகவே, அந்த இடம் போனால் எஞ்சினின் ஓட்டமும் போயிற்று.

இரண்டு கார் வைத்திருந்த எதிர்வீட்டுக்காரர் அவ்விடத்தின்மீது கண் வைத்தார்.

"பார்க்கிங் வண்டிக்குத்தான குடுத்திருக்கு? ஐயா அங்க பொம்மை வெச்சி வெளையாடறாரு" என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் முறையிட்டார்.

"அதுவும் வண்டிதான். நெருப்பு இருக்கு, தண்ணி இருக்கு, சக்கரம் இருக்கு. உங்க கார்ல விசில் இருக்குதுங்களா?" என்றேன்.

சங்கச் செயலாளர் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டு அலுவலர். எதையும் சோதிக்காமல் ஏற்கவும் மாட்டார், தள்ளவும் மாட்டார்.

"ஆயுத பூசைக்கு எல்லா வண்டியும் எலுமிச்சம்பழத்து மேல ஏத்தித்தான எடுக்கறோம்? ஐயா எஞ்சினையும் ஏத்தட்டும். நசுக்குனா வண்டி. இல்லைன்னா எடம் எதிர்வீட்டு சாருக்கு."

நான் உடனே இசைந்தேன். வெர்னியர் அளவுகோலைச் சட்டைப்பையில் சுமந்து திரியும் நான், எலுமிச்சம்பழத்தை மட்டும் அளந்து பார்க்கவில்லை.

பூசையன்று கார்களும் பைக்குகளும் சந்தனமும் குங்குமமும் தரித்து நின்றன. ஒவ்வொன்றும் பழத்தை நசுக்கி நகர்ந்தது. இறுதியாக என் எஞ்சின். குருக்கள் தண்டவாளத்தின் நடுவே பழத்தை வைத்தார். அது சக்கரத்தைவிட உயரமாக இருந்தது.

விசில் ஊதினேன். எஞ்சின் சென்று மோதியது. பழம் நசுங்கவில்லை, உருண்டது. எஞ்சின் அதைத் தள்ளிக்கொண்டு தூணை வலம்வரத் தொடங்கியது. ஒரு மூதாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவரைப் பார்த்து வேறு சிலரும் கைகூப்பியபடி பின்னால் நடந்தனர்.

"தள்ளுது சார், நசுக்கல" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

ஸ்பிரிட் தீரும் தறுவாயில் என் மனைவி குருக்களிடம் திரும்பினாள். "ஏங்க சாமி, வண்டி சைசுக்குத் தகுந்த பழம் வெக்கக் கூடாதா? யானைக்கும் பூனைக்கும் ஒரே கவளமா?"

அடுத்த பூசைக்கு அவரை அழைத்துப்போக வந்திருந்த தொழிற்சாலை வேன் வாசலில் ஹாரன் அடித்தது. குருக்கள் நைவேத்தியத் தட்டிலிருந்து ஒரு பன்னீர் திராட்சையைக் கிள்ளி எடுத்தார். "பழம்தானேம்மா வேணும்? சாஸ்திரத்துல சைசு போடலை" என்றபடி எலுமிச்சையை எடுத்துவிட்டுத் திராட்சையைத் தண்டவாளத்தின்மேல் வைத்தார். நான் எஞ்சினைப் பிடித்து நிறுத்திக்கொண்டேன்.

"திராட்சையை நசுக்க வண்டி எதுக்கு? என் கட்டைவெரலு போதுமே" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"அப்ப உங்க கட்டைவெரல பார்க்கிங்ல நிறுத்திக்கிங்க" என்றாள் என் மனைவி.

செயலாளர் எஞ்சினையும் திராட்சையையும் மாறி மாறிப் பார்த்தார். "லோடுக்குத் தகுந்த டெஸ்ட்டுதான் கரெக்டான டெஸ்ட்டு. ஓட்டுங்க."

எஞ்சின் தன் கடைசி மூச்சில் திராட்சைமீது ஏறியது. சாறு எதிர்வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டியில் தெறித்தது. செயலாளர் குனிந்து தோலைப் பரிசோதித்து, "பாஸ்" என்றார்.

மறுநாள் காவலாளி வாகன அனுமதி ஸ்டிக்கரைக் கொண்டுவந்தார். அது எஞ்சினைவிடப் பெரியது.

"எங்கய்யா ஒட்டறது? ஒட்டலைன்னா செக்ரட்டரி வெளிய எடுக்கச் சொல்லுவாருங்க."

கொதிகலனில் ஒட்டினால் கருகிவிடும் என்று செயலாளரிடம் எடுத்துரைத்தேன். அவர் ஆராய்ந்து, வண்டி ஓடும் வேளையில் ஓட்டுநர் அதை நெஞ்சில் குத்திக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தார். அவ்வாறே குத்திக்கொண்டு ஓட்டிவருகிறேன். எதிர்வீட்டுக்காரர் கடந்து செல்லும் வேளைகளில் மட்டும் சற்று நிமிர்ந்து நிற்பதுண்டு.